கடித்தது நாய், கடன்பட்டவர் யார்?

மேல்மலையனூரைச் சுற்றியுள்ள நம் பகுதி மல்லாட்டைக் கொல்லைகளும் பாறைக் குன்றுகளும் ஆட்டுக் கிடைகளும் நிறைந்த பகுதியாகும். வேர்க்கடலையை இப்பக்கம் மல்லாட்டை என்றே சொல்வது வழக்கம். காவலுக்கு நாய் இல்லாத கொல்லையை இங்கே காண்பது அரிது. அமாவாசை தோறும் அங்காளம்மன் கோயிலுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருவதால், அன்றிரவு முழுவதும் சாலைகளில் அந்நியர் நடமாட்டம் ஓயாது. ஆகவே அந்த ஓர் இரவில் மட்டும் நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்து விட்டுவைப்பது கொல்லைக்காரர்கள் பலரின் பழக்கம்.

சென்ற ஆண்டு அப்படியோர் அமாவாசைக்கு மறுநாள் காலை, மக்தபுக்கு ஓத வந்துகொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொல்லை நாயொன்று கெண்டைக்காலில் கவ்விவிட்டது. நாயை வைத்திருந்தவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்; ஐவேளையும் பள்ளிக்கு வருகிறவர். இரவில் அவிழ்த்துவிட்ட நாயைக் காலையில் கட்ட மறந்துபோயிருந்தார். சிறுவனின் தகப்பனார் வெளியூரில் கொத்தனார் வேலை பார்ப்பவர். தாயார் களையெடுப்புக்கும் மல்லாட்டை பறிக்கவும் கூலிக்குச் செல்கிறவர். விஷயம் நம்மிடம் வந்தது.

அன்று நாம் செய்த தவற்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மிருகத்தால் ஏற்படும் காயத்துக்கு ஈடு இல்லை என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸ் ஒன்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாகப் பதிவாகியிருக்கிறது. மதரஸாவில் மனனம் செய்த அந்த ஹதீஸ் சட்டென்று நாவில் வந்து நின்றது. கிதாபைத் திறந்து பார்க்காமல், நின்ற நிலையிலேயே, “வாயில்லா ஜீவன் செய்ததற்கு ஷரீஅத்தில் ஈடு கிடையாது, மனமுவந்து ஏதேனும் கொடுத்தால் ஸதகாவின் நன்மை உண்டு” என்று சொல்லிவிட்டோம். நாய்க்காரர் நம் கையைப் பற்றி ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

வாசற்படிக்கு வெளியே முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்த தாயார் கேட்டார்: “வாயில்லா ஜீவனுக்கும் கேள்வி இல்லே, வாயுள்ள மனுஷருக்கும் கேள்வி இல்லேன்னா, எம் புள்ளைய ஊசிக்கு யாரு கூட்டிப் போவாங்க ஹஜ்ரத்? நாலு நாள் கூலிய யாரு தருவாங்க?”

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. எழுந்து கிதாபுகளைப் பிரித்தோம். பிரித்ததில் கண்டவற்றையே வாசகர்களுக்கும் இங்கே தருகிறோம். நம்மைப் போலவே அந்த ஹதீஸை அரைகுறையாக எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர் இருக்கக்கூடும்.

முதலில் நாய் வளர்ப்பது பற்றி ஓரிரு வார்த்தைகள். கால்நடைக் காவல், வேட்டை, விளைநிலக் காவல் ஆகிய தேவைகளுக்காக நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. தேவையின்றி வைத்துக்கொள்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்று ஹதீஸில் வருகிறது. இரண்டு கீராத் என்றும் ஓர் அறிவிப்பு இருக்கிறது. வேட்டைக்குப் பழக்கிய பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்பது ஸூரத்துல் மாயிதாவிலேயே உள்ள சட்டம். குகைவாசிகளின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயை ஸூரத்துல் கஹ்ஃப் நினைவுகூர்கிறது. தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்ட வரலாற்றை அறியாத முஸ்லிம் வீடு இருக்காது. ஆகவே கொல்லையில் நாய் வைத்திருக்கிறார் என்பதற்காக எவரையும் பழிக்க நமக்கு உரிமையில்லை. அந்த நாயை எப்படி வைத்திருக்கிறார் என்பதுதான் கேள்வி.

இனி அந்த ஹதீஸுக்கு வருவோம். அதில் வரும் ‘ஜுபார்’ என்ற சொல்லுக்கு, ஈடு கோர வழியின்றி வீணாய்ப் போவது என்று பொருள். எந்த மிருகம், எந்த நிலையில் செய்த சேதம் அப்படிப் போகும்? உடன் யாரும் இல்லாமல், யாருடைய கவனக்குறைவும் கலக்காமல், மிருகம் தன்னிச்சையாகச் செய்த சேதத்தைத்தான் அது குறிக்கும் என்று ஃபுகஹாக்கள் விளக்குகிறார்கள். மிருகத்தின் மேல் ஏறிச் செல்பவர், முன்னே பிடித்து இழுத்துச் செல்பவர், பின்னே ஓட்டிச் செல்பவர் ஆகியோருக்கு எந்தெந்தச் சேதத்துக்கு எவ்வளவு பொறுப்பு என்று ஹனஃபி கிதாபுகளில் தனிப் பாடமே உண்டு. பின்னங்கால் உதைக்கும் முன்வாய்க் கடிக்கும் வெவ்வேறு சட்டம் சொல்லும் அளவுக்கு அது நுணுக்கமானது. எல்லாமே ஜுபார்தான் என்றிருந்தால் அந்தப் பாடத்துக்கே வேலையில்லை அல்லவா!

அல்பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்தில் புகுந்து பாழ்படுத்திய வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு. இரவில் கால்நடையைக் காப்பது கால்நடைக்காரரின் பொறுப்பு. இரவில் அது செய்யும் சேதத்தை உடையவரே ஏற்க வேண்டும் என்ற கருத்தில் தீர்ப்பாயிற்று. முவத்தாவிலும் அபூதாவூதிலும் இச்செய்தி இருக்கிறது. இரவில் ஆடுகள் மேய்ந்துவிட்ட விளைநிலம் குறித்து தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) ஆகியோர் தீர்ப்பளித்ததை ஸூரத்துல் அன்பியாவில் ஓதுகிறோம். மேய்ந்தது ஆடு, பொறுப்பு ஆட்டுக்காரருடையது. யாருக்கு எந்த நேரத்தில் காவல் கடமையோ, அதில் தவறியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பதுதான் இவற்றிலிருந்து பெறப்படும் அடிப்படை. ஹனஃபி இமாம்கள் இந்த இரவு பகல் வேறுபாட்டை அப்படியே ஏற்பதில்லை. ஷாஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகள் ஏற்கின்றன. இங்கே அந்த விவாதத்தை நீட்டத் தேவையில்லை. ஏனென்றால் பயிர் மேய்வது வேறு, மனிதனைக் கடிப்பது வேறு. கடிக்கும் நாய்க்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

நம் பகுதியில் பெரும்பாலோர் ஹனஃபிகளாதலால் அதையே முதலில் பார்ப்போம். ஒருவரிடம் வழியே போவோர் வருவோரையெல்லாம் கடிக்கும் நாய் இருக்கிறது. அது ஒருவரைக் கடித்துவிட்டால் வைத்திருப்பவர் மீது ஈடு உண்டா? துர்ருல் முக்தார் போன்ற கிதாபுகள் இக்கேள்வியை எழுப்பி, கடிப்பதற்கு முன்பே மக்கள் அவரிடம் சென்று எச்சரித்திருந்தால் ஈடு உண்டு, இல்லையேல் இல்லை என்று பதில் சொல்கின்றன. இதற்கு அவர்கள் காட்டும் ஒப்புமைதான் நம்மை வியக்க வைத்தது. தெருப்பக்கம் சாய்ந்து நிற்கும் சுவரைச் சொல்கிறார்கள்! ஒருவருடைய சுவர் சாய்ந்துவிட்டது. “பாய், சுவர் சாய்கிறது, இடித்துவிடுங்கள்” என்று தெருவார் சொல்கிறார்கள். இடிக்க அவகாசம் இருந்தும் அவர் இடிக்கவில்லை. சுவர் ஒருவர்மேல் விழுகிறது. சுவருக்கும் அறிவு இல்லை, நாய்க்கும் இல்லை. சொன்னதைக் கேட்டும் சும்மா இருந்த மனிதருக்கு அறிவு இருந்தது. பொறுப்பு அங்கேதான் போய் உட்காருகிறது.

துருக்கியின் உதுமானியர்கள் 1869 முதல் 1876 வரை ஹனஃபிச் சட்டங்களைத் தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டநூலிலும் 929ஆம் பிரிவாக இது இடம்பெற்றுள்ளது. தானாக மிருகம் செய்த சேதத்துக்கு ஈடில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, தம் மிருகம் பிறர் பொருளை அழிப்பதைப் பார்த்துக்கொண்டே தடுக்காதவர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. முட்டும் மாடு, கடிக்கும் நாய் போன்ற, தீங்கு நிச்சயமான பிராணியை வைத்திருப்பவரிடம் ஊரார் ஒருவரேனும் உன் பிராணியைக் காத்துக்கொள் என்று சொல்லியும் அவர் காக்கவில்லை என்றால் அவரே பொறுப்பாளி என்றும் அப்பிரிவு கூறுகிறது. கவனியுங்கள்: ஊரே திரண்டு சென்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் சொன்னாலே போதும்.

இதைப் படித்ததும் நமக்கு உறைத்தது. அந்த நாயைப் பற்றி யாராவது முன்னரே சொல்லியிருக்கிறார்களா என்று நாம் விசாரிக்கவே இல்லை! மறுநாள் விசாரித்தோம். பால்காரர் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கொல்லைப் பெண்மணி ஒருவர், ‘உங்க நாய் புடவையப் புடிச்சு இழுக்குது’ என்று அவர் வீட்டிலேயே வந்து முறையிட்டிருக்கிறார். சுவர் சாய்ந்திருந்தது, சொல்லவும் பட்டிருந்தது.

கடலோரத்து ஷாஃபிச் சகோதரர்களுக்கு இன்னொரு விளக்கம் உண்டு. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் ஒரு பூனையைப் பற்றிப் பேசுகிறார்கள். பறவையையோ உணவையோ கெடுப்பதே வழக்கமாகிவிட்ட பூனை என்றால், இரவோ பகலோ வைத்திருப்பவர் ஈடு கொடுக்க வேண்டும். அப்படி வழக்கமில்லாதது என்றால் இல்லை. அந்தப் பிராணியின் குணம் முன்பே தெரிந்திருந்ததா என்பதே இங்கு அளவுகோல். அதற்கு விரிவுரை எழுதியவர்கள், பூனையை ‘உடையவர்’ என்பதற்கு அதற்கு இடங்கொடுத்து வைத்திருப்பவர் என்று பொருள் சொல்கிறார்கள். இது மிக முக்கியமான குறிப்பு. ஷாஃபி மத்ஹபில் நாய் விற்பனைக்குரிய பொருளே அல்ல. அதை வைத்து, ‘பொருளே அல்லாததற்குப் பொறுப்பு எப்படி வரும்’ என்று ஒருவர் வாதாடலாம். ‘அது எங்கள் நாய் அல்ல, ஏதோ வாசலில் சோற்றுக்குக் கிடக்கிறது’ என்று நம்மூரில் சொல்வதும் ஏறக்குறைய இதே வாதம்தான். அவிழ்த்துவிடுவதும் கட்டிப்போடுவதும் யார் கையில் இருக்கிறதோ, இரவில் யார் வீட்டுக்கு அது குரைக்கிறதோ, அவரே அதற்கு இடங்கொடுத்தவர் என்றுதான் நமக்குப் படுகிறது. தெருநாய்க்கு மீந்த சோற்றை இரக்கப்பட்டு வைக்கிறவர் வேறு. அவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஹன்பலி மத்ஹபின் பேரறிஞர் இப்னு குதாமா (ரஹ்) இன்னும் கறாராகச் சொல்கிறார்கள். கடிக்கும் நாயை வைத்துக்கொண்டு அதை அவிழ்த்து விட்டவர், அது இரவில் கடித்தாலும் பகலில் கடித்தாலும், மனிதனையோ கால்நடையையோ கடித்தாலும், ஏன், ஒருவர் துணியைக் கிழித்தாலும் ஈடு கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட நாயை வைத்துக்கொண்டதே அவருடைய கவனக்குறைவு என்பது அவர்கள் கூறும் காரணம். ஆனால் அனுமதியின்றி வீட்டுக்குள் புகுந்தவரைக் கடித்தால் ஈடில்லை. அவர் அத்துமீறியவர்.

இந்தக் கடைசி விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு சிலர் வாசலில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஷாஃபி கிதாபுகளில், நாயின் குணத்தை அறிந்துகொண்டே உள்ளே வந்தவருக்கு ஈடில்லை. அறியாதவர் அனுமதியுடன் வந்திருந்தால் ஈடு உண்டு என்று வருவது உண்மையே. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு அந்தப் பலகை எதை அறிவித்தது? மின்சார மீட்டர் பார்ப்பவரும் தபால்காரரும் கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரும் வழக்கத்தால் அனுமதி பெற்றவர்கள் அல்லவா? மேலும் பலகை இருப்பது வீட்டு வாசலில். நாய் கடிப்பது பொதுச் சாலையில். நம் சிறுவன் யாருடைய வேலிக்குள்ளும் புகவில்லை. ‘பையன் கல்லெறிந்திருப்பான்’ என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. அவன் எறியவில்லை என்பதற்குப் பால்காரரே சாட்சி. எறிந்திருந்தாலும் கட்டிய நாயைச் சீண்டுவது வேறு, அவிழ்ந்து சாலையில் நிற்கும் நாய்க்கு அஞ்சிக் கல்லைத் தேடுவது வேறு.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 2024 மே 5 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாடல் ஸ்கூல் சாலை மாநகராட்சிப் பூங்காவில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ராட்வைலர் இனத்து வளர்ப்பு நாய்கள் இரண்டு, ஐந்து வயதுப் பெண் குழந்தையின் தலையைக் கடித்துக் குதறிவிட்டன. காப்பாற்ற ஓடிய தாயும் காயமடைந்தார். குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. நாய்களின் உரிமையாளர் மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289 உள்ளிட்ட பிரிவுகளில் வழக்குப் பதிந்து போலீசார் கைது செய்தனர். அதன் பிறகே சென்னையில் நாய்க்கு உரிமம், வெளியே அழைத்துச் செல்லும்போது கழுத்துப் பட்டையும் வாய்மூடியும் என்பவை குறித்துக் கண்டிப்பு மிகுந்தது.

அந்தப் பழைய 289, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய சட்டத்தில் 291 ஆகியிருக்கிறது. தம் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருக்க, அதைத் தடுக்கப் போதிய ஏற்பாட்டைத் தெரிந்தே செய்யாதவருக்கும், அலட்சியத்தால் செய்யாதவருக்கும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பழைய சட்டத்தில் அபராதம் 1000 ரூபாய்தான். அலட்சியச் செயலால் கொடுங்காயம் நேர்ந்தால் 125ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரையும், உயிரே போய்விட்டால் 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரையும் சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. உயிர் போகுமா என்று கேட்பவர்கள், 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் இறந்ததை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே தடுக்க முயன்ற உரிமையாளரையே அந்த நாய் கடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இனங்களுக்குப் புதிய உரிமம் வழங்குவதில்லை என்று சென்னை மாநகராட்சி முடிவு செய்தது.

இவை குற்றத்துக்கான தண்டனைகள். கடிபட்டவர் நட்டஈடு பெற உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும். அங்கே வழங்கும் விதியின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1846இல் லண்டனில் ஒரு குரங்கு ஒரு பெண்மணியைக் கடித்த வழக்கில், கடிக்கும் குணமுள்ளது என்று தெரிந்தே பிராணியை வைத்திருப்பவர் பொறுப்பாளி, அவருடைய கவனக்குறைவைத் தனியே மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்று நீதிபதிகள் தீர்த்தார்கள். தெரிந்திருந்ததா என்பதே அவர்களுக்கும் உரைகல்லாக இருந்திருக்கிறது! துர்ருல் முக்தார் எழுதப்பட்டது அதற்கும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு என்பதை எண்ணும்போது நமக்கு ஒரு பெருமிதம் எழுகிறது. அப்பெருமிதம் நாம் அந்த நூலைத் திறந்து பார்க்கும் நாளில்தான் செல்லும் என்பதையும் கூடவே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு செய்தி. தெருவில் திரியும் கால்நடைகளாலும் நாய்களாலும் ஏற்படும் காயங்களுக்கு அரசே முதற்பொறுப்பு என்று பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தபோது, நாய்க்கடிக்கு ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று கணக்கிட்டது. பல்லை எண்ணி ஈடா என்று பத்திரிகைகள் வியந்தன. ஃபிக்ஹு படித்தவர்களுக்கு இது புதுமையல்ல. தலையிலும் முகத்திலும் படும் காயங்களை ஆழத்தின்படி தரம் பிரித்து, எலும்பு தெரியும் காயத்துக்கு ஐந்து ஒட்டகம், எலும்பு முறிந்தால் பத்து, எலும்பு இடம் பெயர்ந்தால் பதினைந்து என்று வகுத்தவை நம் கிதாபுகள்.

சரி, நம் நாட்டில் ஒட்டகக் கணக்கு யார் கேட்பார்கள்? 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் திருமணம், தலாக், வாரிசுரிமை போன்ற குடும்ப விஷயங்களோடு நிற்கிறது. காயத்துக்கான ஈட்டை நீதிமன்றம் பொதுச் சட்டப்படிதான் தரும். ஆனால் நீதிமன்றம் கேட்காத காரணத்தால் அல்லாஹ்விடம் கடன் தீர்ந்துபோய்விடாது. குறைந்தபட்சம் எது கடன் என்று பார்த்தோம். ஆறிவிட்டு வடுவும் இல்லாமல் போன காயம் பற்றி ஹனஃபி இமாம்களிடையே மூன்று கருத்துகள். வடு இல்லையேல் ஒன்றுமில்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூற்று. பட்ட வேதனைக்கு ஈடு உண்டு என்பது இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் கூற்று. வைத்தியரின் கூலியைக் கொடுக்க வேண்டும் என்பது இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் கூற்று. வைத்தியர் கூலி! அந்தத் தாயார் வாசற்படியில் நின்று கேட்டதும் ஏறத்தாழ இதைத்தானே? இமாம் முஹம்மதின் (ரஹ்) சொல்லை அவர் அறியமாட்டார். அறிந்திருக்க வேண்டிய நாமோ அதை மறந்து நின்றோம். நம் சிறுவனுக்கோ வடுவும் இருக்கிறது. ஆகவே முதல் கருத்தின்படியும் அவனுடைய உரிமை போய்விடவில்லை.

கொடுக்க மறுக்கிறவரிடம் என்ன செய்வது? ஏழைகளுக்கும் பெண்களுக்கும் வட்டச் சட்டப்பணிகள் குழுவில் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி கிடைக்கும். மருத்துவமனைச் சீட்டையும் செலவுக் கணக்கையும் பத்திரப்படுத்தி வைப்பது அவசியம். கடிப்பதற்கு முன்பே எச்சரித்தவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் சிலர் நாய்க்கு விஷம் வைத்துவிடுகிறார்கள். கடிநாயைக் கொல்ல அனுமதிக்கும் ஹதீஸ் இருப்பது நமக்குத் தெரியும். ஆனால் இன்றைய சட்டத்தில் பிறர் பிராணியைக் கொல்வது ஐந்தாண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் இதில் இருக்கிறது. கடித்த நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று பொருள். கொன்றுவிட்டால் அதை அறியும் வாய்ப்பையும் கொன்றுவிடுகிறோம். அதற்காகப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது. ஊசியை அன்றே தொடங்கிவிட வேண்டும்.

இந்த இடத்தில் பெண்மக்களிடம் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய்க்கடி என்றால் மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் அப்புவதும், எங்காவது சென்று ஓதிப் பார்த்துத் தாயத்துக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவதும் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. நம்மிடமே தண்ணீர் ஓதி வாங்கிப் போக வருகிறார்கள். ஓதித் தர நாம் மறுப்பதில்லை. ஆனால் ஊசி போட்ட சீட்டைக் காட்டிய பிறகுதான் ஓதித் தருவது என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறோம். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. தோன்றுவதற்கு முன் மருத்துவம் செய்துகொண்டால் சாவு அநேகமாக இல்லை. 1885 ஜூலையில் பாரிஸில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குப் போட்ட ஊசியிலிருந்து இந்த மருத்துவம் தொடங்கியது. நம் மாநிலத்துக் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் அமைந்து இதற்கான மருந்தைத் தயாரித்தது. தொப்புளைச் சுற்றி ஊசி என்று பெரியவர்கள் பயந்ததெல்லாம் பழைய கதை. இப்போது கைத்தோலில் போடுகிறார்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை. அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆழமாகப் பல் பதிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும். அதையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், கடிபட்ட உடனே, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவ வேண்டும். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவிய ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது.

நாய் வைத்திருப்பவர்களுக்கும் இதில் கடமை உண்டு. ஆண்டுதோறும் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தால், கடிபட்டவர் வீட்டின் பாதிப் பயம் தீரும். அண்டை வீட்டார் எவருடைய தீங்குக்கு அஞ்சாமல் இருக்க முடியவில்லையோ அவர் ஈமானைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகச் சொன்னார்கள் என்பதை அபூஷுரைஹ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் படித்துப் பார்க்கலாம்.

நம் வழக்கு என்னவாயிற்று? நேற்று ஒரு தீர்ப்புச் சொன்னோம் என்பதற்காக இன்று உண்மை தெரிந்த பின்பு அதிலேயே நிற்க வேண்டியதில்லை என்ற கருத்தை உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்களுக்கு எழுதிய மடலில் காணலாம். அந்தத் துணிவில், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் முன்னிலையில், நாம் முன்பு சொன்னது தவறு என்று சொன்னோம். நாய்க்காரர் முகம் சிவந்து எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் நம்மோடு பேசவில்லை. ஸலாமுக்கு மட்டும் பதில் சொன்னார். ‘ஹஜ்ரத் ஒரு நாளைக்கு ஒரு சட்டம் சொல்கிறார்’ என்று டீக்கடையில் பேச்சு வந்ததும் நம் காதுக்கு எட்டியது. அதற்குள் சிறுவனுக்கு மூன்று ஊசிகள் ஆகிவிட்டிருந்தன. தாயார் மூன்று நாள் கூலி இழந்து பேருந்தில் அழைத்துச் சென்றுவந்தார். முத்தவல்லியும் பால்காரரும் நாய்க்காரரிடம் தனியே சென்று, மஜல்லாவின் பிரிவை நாம் எழுதிக் கொடுத்த தாளைப் படித்துக் காட்டினார்கள். மூன்றாம் வாரம் அவரே வந்தார். போய்வந்த செலவு, நான்கு நாள் கூலி, வடுவுக்கு என்று ஜமாஅத்தார் மதிப்பிட்ட ஒரு தொகை, எல்லாவற்றையும் தாயாரிடம் முத்தவல்லி மூலம் கொடுத்தார். இருபத்தெட்டாம் நாள் ஊசிக்குச் சிறுவனைத் தம் மோட்டார் சைக்கிளில் தாமே அழைத்துப் போனார். நாய் இப்போது அமாவாசை இரவிலும் நீண்ட கம்பியில் கோத்த சங்கிலியில் நிற்கிறது. கொல்லை முழுதும் ஓடலாம், சாலைக்கு வர முடியாது.

நாய் கவ்விய கால்சட்டையைப் பற்றியும் அந்தத் தாயார் பிறகு கேட்டனுப்பினார். ஹனஃபிகளுக்கு மூன்று முறை கழுவி ஒவ்வொரு முறையும் பிழிந்தால் போதும். ஷாஃபிகள் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். கிழிசலைத் தைத்துக்கொண்டு அதே கால்சட்டையில்தான் பையன் ஓத வருகிறான்.